உப்பு புளி தெரியுது, பெருங்காயம் தெரியல. கோளாறு நாக்கிலயா, மூக்கிலயா, மூளையிலயா?

கோட்டை அடுப்பு கேட்டது:

வணக்கம். கல்யாண சமையல்தான் நமக்குத் தொழில், தஞ்சாவூர் பக்கம். தை மாசக் கடைசியில ஒரு ஜுரம் வந்துச்சு. உடம்பு தேறிடுச்சு, மூக்கு தேறல. சளி இல்ல, அடைப்பு இல்ல, மூச்சு நல்லா போய் வருது. வாசனை மட்டும் சுத்தமா கிடையாது.

இதுல விசித்திரம் என்னன்னா, சாம்பாரை உள்ளங்கையில ஊத்தி நாக்குல வச்சா உப்பு கம்மி, புளி தூக்கல்னு கரெக்டா சொல்லிடுறேன். மிளகாய்க் காரமும் சுரீர்னு ஏறுது. ஆனா பெருங்காயம் போட்டாச்சா இல்லையான்னு தெரியல. ரசமும் வெறும் புளித்தண்ணியும் எனக்கு ஒண்ணுதான். ஒரு முகூர்த்தத்துல பாயசம் அடிப்பிடிச்சு, அந்தாண்ட காய் நறுக்கிட்டிருந்த பையன் ஓடிவந்து சொல்றான். நான் அந்த உருளிக்கு மேலேயே குனிஞ்சு நின்னுட்டிருக்கேன்.

சித்திரை வாக்குல வாசனை திரும்ப ஆரம்பிச்சுது. வராமலே இருந்திருக்கலாம். டிகாக்‌ஷன் இறக்கினா டயர் எரியிற நாத்தம். வெங்காயம் வதக்கினாலும், பூண்டு உரிச்சாலும், பெருங்காயம் பொரிச்சாலும் அதே நாத்தம்தான், குமட்டிக்கிட்டு வருது. தயிர், வாழைப்பழம், வெல்லப்பாகு பரவாயில்ல.

நாக்கு நல்லா இருக்கும்போது ருசி எப்படிங்க போகும்? மூளையில ஏதாவதா? சொந்தக்காரர் ஒருத்தர் தலைக்கு ஸ்கேன் எடுன்னு பயமுறுத்துறார்.

---

மேலவீதி:

அண்ணே, நாக்கு நுனியில இனிப்பு, ஓரத்துல புளிப்பு, அடியில கசப்புன்னு பள்ளிக்கூடத்துல படம் போட்டுக் காட்டுவாங்களே, அதுல ஒரு பகுதி உங்களுக்கு அவுட் ஆகியிருக்கும். நல்லெண்ணெயைக் காய்ச்சி மூக்குல ரெண்டு சொட்டு விடுங்க, சரியாயிடும்.

---

விலங்கியல் வாத்தியார்:

முதலில் மேலவீதி தம்பிக்கு. எண்ணெய் வேண்டாம். மூச்சுக்குழாய்க்குள் இறங்கினால் நுரையீரலுக்குக் கேடு, வாசனை நரம்புக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. அந்த நாக்குப் படமும் பொய். ஹேனிக் என்ற ஜெர்மானியர் 1901-இல் இடத்துக்கு இடம் சிறு வித்தியாசம் இருப்பதாகத்தான் எழுதினார். 1942-இல் போரிங் என்பவர் தம் புத்தகத்தில் அதை வரைபடமாக்கியபோது அது பெரிதாகிவிட்டது. சுவை மொட்டு உள்ள இடமெல்லாம் எல்லாச் சுவையும் தெரியும். நுனியில் கொஞ்சம் வேப்பிலைச் சாறு வைத்துப் பாருங்கள், கசக்காமலா இருக்கும்?

இப்போது சமையல்காரர் ஐயாவுக்கு. பாதி விடை உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது. இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு, பிறகு 1908-இல் ஜப்பானில் கிகுனே இக்கேடா கடற்பாசிச் சாற்றிலிருந்து பிரித்துக் காட்டிய உமாமி. நாக்கின் சரக்கு ஏறக்குறைய இவ்வளவுதான். பெருங்காயம், சீரகம், கறிவேப்பிலை, ஏலக்காய், நெய் எல்லாம் மூக்கின் கணக்கு. உங்கள் பையனை மூக்கைப் பிடித்துக்கொண்டு நாலு சீரகம் மெல்லச் சொல்லுங்கள். ஏதோ சக்கை என்பான். கையை எடுத்த மறுகணம் சீரகம் வந்துவிடும். மெல்லும்போது கிளம்பும் ஆவி தொண்டைக்குப் பின்வழியாக ஏறி மூக்கின் கூரையைத் தொடுகிறது. மூளையோ அதை வாயில் நடப்பதாகவே நமக்குக் காட்டுகிறது. மூக்கு போனவர்கள் 'நாக்கு செத்துப்போச்சு' என்று சொல்வது அதனால்தான்.

நாக்கு மட்டும் வேலை செய்யாமல் நின்றால் எப்படி இருக்கும் என்று பார்க்க வேண்டுமானால் சிறுகுறிஞ்சான் இலையை மென்று துப்பிவிட்டுச் சர்க்கரை போட்டுக்கொள்ளுங்கள். அதிலுள்ள ஜிம்னிமிக் அமிலம் இனிப்பு ஏற்பிகளை, அதாவது நாக்குச் செல்களில் இனிப்பைப் பிடித்து உணரும் பகுதிகளை, அடைத்துவிடும், வாயில் மணல்தான் நறநறக்கும். ஆனால் அதே வாய்க்குப் பாயசத்தின் ஏலக்காய் குறையாமல் தெரியும். உங்களுக்கு இருப்பது இதற்கு நேர் எதிர்.

காரம் சுவையுமல்ல, மணமுமல்ல. மிளகாயின் கேப்சைசின் தொடுவது வெப்பத்தையும் எரிச்சலையும் உணரும் ஏற்பியை. 43 டிகிரிக்கு மேற்பட்ட சூடு பட்டாலும் அதே ஏற்பிதான் திறக்கும். 1997-இல் இதைக் கண்டுபிடித்த டேவிட் ஜூலியஸுக்கு 2021-இல் நோபல் கிடைத்தது. அந்தச் சேதி போவது முகத்துக்கான முப்பெருநரம்பு வழியாக. அது உங்களுக்குப் பழுதாகவில்லை.

இனி மூளைப் பக்கம். சுவை மூன்று நரம்புகளில் ஏறி மூளைத்தண்டுக்கு வந்து, தாலமஸ் என்ற சந்திப்பைக் கடந்து, இன்சுலா என்ற உள்மடிப்புக்குப் போகிறது. மணத்துக்கு அந்தச் சந்திப்பில் நிற்கும் கட்டாயமில்லை. மூக்கின் கூரையிலுள்ள நரம்புச் செல்களின் இழைகள், சல்லடை போல் துளைத்த ஒரு மெல்லிய எலும்பு வழியாக நேரே மேலேயுள்ள முகர்வுக் குமிழுக்குள் நுழைகின்றன. அங்கிருந்து மணத்தை அறியும் மூளைப் பகுதியான முகர்வுப் புறணிக்கும், அச்சமும் அருவருப்பும் கிளம்பும் அமிக்டலாவுக்கும் நேர்வழி. இது காபி என்று நீங்கள் நினைத்து முடிப்பதற்குள் வயிறு குமட்டுவது அந்த நேர்வழியால். கண்ணுக்கு மேலே, நெற்றிக்குப் பின்னால் உள்ள பகுதியில் சுவையும் மணமும் கலக்கின்றன. ருசி என்று நாம் சொல்வது அங்கே உருவாவது. (அந்தப் பகுதியின் செல்கள் ஒரே பண்டத்தில் சீக்கிரம் சலித்துவிடும். வெறுமனே முகர்ந்துகொண்டிருந்தாலே ஓரளவு தெவிட்டும். நாளெல்லாம் அடுப்படியில் நிற்பவருக்குப் பந்தி முடிந்ததும் தயிர்சாதம் போதும் என்று தோன்றுவதில் நியாயம் இருக்கிறது.)

நாற்றம் ஏன் மாறியது? மனித மூக்கில் சுமார் 400 வகை ஏற்பிகள் உண்டு. இந்த மரபணுக் குடும்பத்தை லிண்டா பக்கும் ரிச்சர்ட் ஆக்ஸலும் 1991-இல் கண்டறிந்தார்கள், 2004-இல் நோபல் பெற்றார்கள். ஒரு மணத்துக்கு ஒரு ஏற்பி என்று கணக்கில்லை. பல ஏற்பிகள் சேர்ந்து எழுப்பும் கூட்டைத்தான் மூளை காபி என்று அறிகிறது. ஆர்மோனியத்தில் ஐந்து கட்டைகள் சேர்ந்து ஒலிக்க வேண்டிய இடத்தில் இரண்டு மட்டும் பேசினால் நாதம் குறைவதோடு நிற்காது, அபஸ்வரமாகிவிடும். கிருமி தாக்கியபின் மூக்கின் கூரையிலுள்ள அடிச்செல்களிலிருந்து புதிய நரம்புச் செல்கள் முளைத்து மேலே போய் இணைகின்றன. அரைகுறையாக இணைந்திருக்கும் காலம்தான் இந்தக் காலம் என்று கருதுகிறார்கள்.

உங்கள் பட்டியலைப் பாருங்கள்: காபி, வெங்காயம், பூண்டு, பெருங்காயம். நான்கிலும் மணம் தருபவற்றில் கந்தகம் கலந்த மூலக்கூறுகள் இருக்கின்றன. மிகச் சொற்ப அளவிலேயே மூக்கைத் தட்டி எழுப்பக்கூடியவை அவை. கோவிட்டுக்குப் பின் இதே தொல்லைப்பட்டவர்களை வைத்துச் செய்த ஆய்வில், காபியில் முதல் குற்றவாளியாக அகப்பட்டதும் அப்படிப்பட்ட கந்தகப் பொருள்தான். தயிரும் வாழைப்பழமும் தப்பியதில் ஆச்சரியமில்லை.

ஸ்கேன் பற்றி: தலையில் அடிபட்டு வாசனை போனால், அந்தச் சல்லடை எலும்பில் இழைகள் அறுந்திருக்கலாம், பார்த்தே ஆகவேண்டும். காரணமே இல்லாமல் போனாலும், இல்லாத வாசனை திடீர் திடீரென்று வந்து போனாலும் அப்படியே. ஜுரத்தோடு போய் இப்படித் திரும்புவது வேறு ரகம். காது மூக்கு தொண்டை டாக்டர் உள்ளே பார்த்துவிட்டுச் சொல்லட்டும், சொந்தக்காரர் சொல்ல வேண்டாம்.

---

உறையூர் மலர்:

எங்க அப்பாவுக்கு இதுக்குத் தலைகீழ். காதுல ஆபரேஷன் பண்ணினப்போ நாக்குல ஒரு பக்கம் மட்டும் சுவை போயிடுச்சு, சதா செம்புக்காசைச் சப்புற மாதிரி இருக்குன்னார். நாக்கோட முன்பகுதிக்கான சுவை நரம்பு நடுக்காது வழியாத்தான் போகுதாம், டாக்டர் முன்னாடியே சொல்லியிருந்தார். ஆனா வாசனைக்கு ஒரு குறையும் இல்ல. பக்கத்து வீட்டுல கருவாடு பொரிச்சா முதல்ல அவர்தான் எழுந்து உட்காருவார். மாசங்கள் போகப் போகத் தானா சரியாச்சு.

---

கோட்டை அடுப்பு:

வாத்தியார் ஐயா, ரொம்ப நன்றி. கந்தகம்னு சொன்னீங்களே, அவிச்ச முட்டைக்கோஸ் வாடையும் தாங்கல, அதை எழுத விட்டுட்டேன். இதுக்கு மருந்து உண்டா? ஐப்பசியில வரிசையா முகூர்த்தம் இருக்கு.

---

விலங்கியல் வாத்தியார்:

முட்டைக்கோஸும் அதே கூட்டம்தான்.

விழுங்கும் மருந்து எதையும் நான் சொல்லமாட்டேன். ஸ்டீராய்டைத் தானாக வாங்கிப் போட்டுக்கொள்ளாதீர்கள். முகர்வுப் பயிற்சி என்று ஒன்று இருக்கிறது. ஜெர்மனியில் டிரெஸ்டன் நகரில் தாமஸ் ஹம்மல் குழு 2009-இல் வெளியிட்டது. ரோஜா, யூகலிப்டஸ், எலுமிச்சை, கிராம்பு என்று நான்கு மணங்கள். காலையிலும் இரவிலும் ஒவ்வொன்றையும் பத்து விநாடி முகர வேண்டும். 12 வாரம் செய்தவர்களில் பலருக்கு முன்னேற்றம் தெரிந்தது, எல்லோருக்கும் அல்ல. சும்மா இழுத்து விடக்கூடாது, இது கிராம்பு என்று நினைத்துக்கொண்டே இழுக்க வேண்டும். ரோஜா கிடைக்காவிட்டால் மல்லிகை வைத்துக்கொள்ளலாம். பெருங்காய டப்பாவை மட்டும் இப்போதைக்கு அதில் சேர்க்காதீர்கள்.

ஐப்பசிக்குள் சரியாகும் என்று வாக்குத் தர முடியாது, சிலருக்கு ஒரு வருஷத்துக்கு மேலும் ஆகிறது. அதுவரை உப்பு, புளி, காரம் உங்கள் நாக்கிலேயே இருக்கட்டும். தாளிப்பும் அடிப்பிடிப்பும் அந்தப் பையன் பொறுப்பு. கேஸ் சிலிண்டர் வைத்துச் சமைக்கிற இடமானால் கசிவைக் காட்டும் அலாரம் ஒன்று வாங்கி மாட்டிவிடுங்கள். கேஸில் வாடைக்காகச் சேர்ப்பதும் கந்தகப் பொருள்தான். அந்த நாற்றத்தையும் டிகாக்‌ஷன் நாற்றத்தையும் இப்போது உங்கள் மூக்கு பிரித்துச் சொல்லாது.