ஒத்துக்கொண்ட வழக்கில் மேல்முறையீடு: எங்கள் அண்ணனுக்கு நேர்ந்தது

2022 குறுவை அறுவடையின்போது, நெல் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு கொள்முதல் நிலையத்துக்குச் சென்ற என் அண்ணனின் டிராக்டரில், குடமுருட்டிக் கரைச் சாலையில் பாதியை அடைத்துக் காயப்போட்டிருந்த நெல்லில் சறுக்கிய மொபெட் ஒன்று வந்து மோதியது. ஓட்டி வந்தவருக்கு முழங்கையில் காயம். அண்ணன் மீது இந்திய தண்டனைச் சட்டத்தின் 279 (அஜாக்கிரதையாக வண்டி ஓட்டுதல்), 337 (அஜாக்கிரதையால் காயம் ஏற்படுத்துதல்) ஆகிய பிரிவுகளில் வழக்குப் பதிவானது.

"ஒத்துக்கிட்டா ஃபைனோட போயிடும், மத்தியானமே வயலுக்குத் திரும்பிடலாம்" என்று வக்கீல் குமாஸ்தா ஒருவர் சொன்னதை நம்பி, முதல் வாய்தாவிலேயே 1,000 ரூபாய் அபராதம் கட்டிவிட்டு வந்தார். சம்பா நடவு நேரம். நாங்களும் தொல்லை விட்டது என்றே இருந்தோம்.

ஏழு மாதம் கழித்து விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்திலிருந்து நோட்டீஸ் வந்தது. அண்ணன் குற்றத்தை ஒப்புக்கொண்டதே அதில் முதல் ஆதாரம். டிராக்டருக்கு இன்ஷூரன்ஸ் காலாவதியாகியிருந்ததால், தொகை முழுவதும் எங்கள் தலையில்தான் விழும்.

மேல்முறையீடு செய்யலாம் என்று போனபோதுதான் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 375ஆம் பிரிவை வக்கீல் எடுத்துக் காட்டினார். குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டனை பெற்றவர், அந்தத் தண்டனையின் அளவையோ சட்டப்படியான தன்மையையோ எதிர்த்து மட்டுமே மேல்முறையீடு செய்ய முடியும். குற்றவாளி என்ற தீர்ப்பை எதிர்க்க முடியாது. (2024 ஜூலை முதல் நடப்பில் உள்ள புதிய சட்டத்தில் இதுவே 416ஆம் பிரிவு.) ஆனால் கீழ் நீதிமன்றத்தின் பிழையைத் திருத்தும்படி மேல் நீதிமன்றத்தைக் கேட்கும் சீராய்வு மனுவுக்கு அந்தத் தடை இல்லை. அதற்கான கெடு 90 நாள். அதுவும் கடந்துவிட்டதால், தாமதத்தை மன்னிக்கக் கோரும் மனுவையும் சேர்த்தே போட வேண்டியிருந்தது.

எங்களைக் காப்பாற்றியது, அன்றைய நீதிமன்றப் பதிவின் சான்றிட்ட நகல்தான். இத்தகைய வழக்குகளில் குற்றம் சாட்டப்பட்டவர் சொன்னதைக் கூடிய மட்டும் அவருடைய சொற்களிலேயே பதிய வேண்டும் என்றது அதே குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 252ஆம் பிரிவு. அண்ணன் கூண்டில் நின்று சொன்னதோ, "ஆமாங்கய்யா, மோதிடுச்சு" என்பது மட்டுமே. நகலில் இருந்ததோ, பெயரை மட்டும் பேனாவால் நிரப்பியிருந்த, "குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன்" என்ற அச்சிட்ட ஒற்றை வரி. மோதியதை ஒப்புக்கொள்வது வேறு, அஜாக்கிரதையாக ஓட்டியதை ஒப்புக்கொள்வது வேறு என்பதை ஏற்ற செஷன்ஸ் நீதிமன்றம், தண்டனையை ரத்து செய்து வழக்கைத் திருப்பி அனுப்பியது.

திருப்பி அனுப்பினார்களே தவிர, விடுதலை செய்யவில்லை. மறுபடியும் கேள்வி கேட்கப்பட்டபோது, "மோதுச்சுங்கய்யா, ஆனா தப்பு என் மேல இல்லீங்க" என்றார் அண்ணன். அந்த வரி தட்டச்சாகி முடியும் வரை அவர் கூண்டைவிட்டு இறங்கவில்லை.