கெரிமாண்டரிங்: தமிழில் என்ன சொல்லலாம்?

> "தொகுதி முறைகேடு" என்று வைத்துக்கொள்ளலாமே?

வணக்கம். ஒரு தரப்பு ஜெயிக்கும்படி தேர்தல் தொகுதிகளின் எல்லையைத் திட்டமிட்டு வரைவதுதான் கெரிமாண்டரிங்.

"முறைகேடு" எனக்கு ஒப்பவில்லை. இதில் எல்லாமே சட்டப்படி நடக்கிறது, அதுதான் வினை. 1812-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலச் சட்டமன்றம் தொகுதிகளை மாற்றி வரைந்து நிறைவேற்றிய மசோதாவில் ஆளுநர் எல்பிரிட்ஜ் கெரி கையெழுத்திட்டார். அதில் வளைந்து நெளிந்த ஒரு தொகுதியைச் சாலமண்டர் (பல்லி போன்ற ஓர் உயிரி) மாதிரி வரைந்து பாஸ்டன் பத்திரிகை ஒன்று கேலி செய்ய, கெரியும் சாலமண்டரும் ஒட்டிக்கொண்டு "கெரிமாண்டர்" ஆயின. அந்த ஆண்டு மாநில செனட் தேர்தலில் எதிர்த்தரப்புக்குத்தான் வாக்கு அதிகம். ஆனால் 40 இடங்களில் 29 கெரியின் கட்சிக்கு! (கெரி மட்டும் ஆளுநர் தேர்தலில் தோற்றார். மாநிலம் முழுக்க ஒரே தொகுதி, அங்கே எந்த எல்லைக்கோட்டை வளைப்பது?) கட்சி ஆதாயத்துக்காக வரைந்ததைக் கூட்டாட்சி நீதிமன்றங்கள் விசாரிக்க முடியாதென்று 2019-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது.

முன்பு ஒருவர் சொன்ன "கோணல் தொகுதி"யும் சரிவராது. 50 வாக்காளர்கள், பத்துப் பத்துப் பேராக 5 தொகுதிகள் என்று வையுங்கள். அ கட்சிக்கு 30 பேர், ஆ கட்சிக்கு 20 பேர். அ ஆட்களை இரண்டு தொகுதிகளில் ஒன்பது ஒன்பது பேராகக் குவித்து, மிச்சமுள்ள 12 பேரை மூன்று தொகுதிகளில் நாலு நாலாகச் சிதறடித்தால், ஆ கட்சி மூன்றிலும் 6-4 என்று ஜெயிக்கும். வரைபடம் சதுரம் சதுரமாகவே இருக்கலாம்.

"தொகுதி மறுவரையறை" செய்தித்தாளில் ஏற்கெனவே புழங்குகிறது. அதையொட்டி "ஆதாய மறுவரையறை" என்கிறேன். உத்திகள் இரண்டுக்கும் குவிப்பு, சிதறடிப்பு.

---

> "ஆதாய மறுவரையறை" என்கிறேன்

குவிப்பு, சிதறடிப்பு இரண்டும் அருமை. "ஆதாயம்" மட்டும் காசு வாடை அடிக்கிறது, ஏதோ ரியல் எஸ்டேட் சமாச்சாரம் போல. அப்புறம், கட்சி மட்டுமா? வட கரோலினாவின் 12-ஆம் தொகுதி கறுப்பினத்தவர் பெரும்பான்மை வரும்படி நெடுஞ்சாலையையொட்டி நீளமாக வரையப்பட்டு, 1993-இல் உச்ச நீதிமன்றம் வரை போனது. "சாதக மறுவரையறை" என்றால் கட்சிச் சாதகம், இனச் சாதகம் என்று முன்னால் சேர்த்துக்கொள்ளலாம். என் வாக்கு அதற்கு.