தணல்வாயு: உமியில் எடுக்கிற வாயுவுக்கு ஒரு சொல்

அன்புள்ள அண்ணா,

உமியைக் குறைந்த காற்றில் எரித்து எஞ்சினுக்கு எடுக்கிற வாயுவுக்கும் (producer gas) அதை உண்டாக்கும் கலத்துக்கும் (gasifier) நான் சொல் தேடியபோது, ‘வாயுவாக்கி’ இருக்க வேறு சொல் எதற்கு என்று கேட்டிருந்தீர்கள். நீரைக் கொதிக்கவைக்கிற கேத்தலும் வாயுவாக்கிதானே! வாயுவுக்கு ‘உயிர்வாயு’ என்றால், அந்தப் பெயர் சாணக் குழியில் எடுக்கிற வாயுவுக்குப் (biogas) போய்விட்டது. அங்கே வேலை செய்வது நுண்ணுயிர், இங்கே நெருப்பு. அதிலும் இந்த வாயுவில் மணமே இல்லாத காபனோரொட்சைட்டு (carbon monoxide) இருக்கிறது. ஆளைக் கொல்லும் ஒன்றுக்கு ‘உயிர்’ என்று பெயர் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

2022இல் கிழக்கிலங்கையில் சம்மாந்துறைப் பக்கம் ஒரு நெல் மில்லுக்குப் போனேன். வாசலில் டீசல் இல்லாமல் உழவு மெசின்கள் நிற்கின்றன. பின்வளவில் கூரை உயரத்துக்கு உமி. 100 கிலோ நெல் குற்றினால் ஏறக்குறைய 20 கிலோ உமி மிஞ்சும். டீசலோ கடைசிச் சொட்டு வரை கப்பலில் வரவேண்டும்.

எங்கள் வளவில் நாற்றுக்கு உமிக்கரி சுடுவோம். துளை போட்ட தகரத்தைச் சுற்றி உமியைக் குவித்து, மேலே ஒரு குழாய். வெள்ளைப் புகை கண்ணைக் கரிக்கும். ஒருநாள் மருமகன் குழாய் வாயில் நெருப்புக்குச்சியைக் காட்டினான். புகையே ‘பக்’கென்று பற்றிக்கொண்டது!

நடப்பது இதுதான். காற்றைக் குறைத்தால் உமி முழுதாக எரியாது. உள்ளே தணல் கட்டும். அந்தத் தணலுக்குள்ளால் போகும்போது காபனீரொட்சைட்டு காபனோரொட்சைட்டாகும், நீராவியிலிருந்து ஐதரசன் வரும். பாதியளவு நைதரசன் என்பதால் வீரியம் குறைவுதான். ஆனாலும் ஆற்றி, தார் வடித்து, காற்றோடு சேர்த்து டீசல் எஞ்சினுக்குள் விட்டால் டீசல் நன்றாக மிச்சப்படும்.

கரிமூட்டத்தை நினைத்து ‘மூட்டவாயு’ என்றுதான் முதலில் எழுதினேன். வீட்டில் வாசித்துக் காட்ட, “இதுக்கு என்ன எண்ணெய் பூசுறது?” என்றார் மனைவி. வாயுவும் மூட்டும் சேர்ந்தால் பரியாரியிடம்தான் போகவேண்டும். அதை விட்டுவிட்டேன்.

தணலில் பிறப்பதால் தணல்வாயு. அதை உண்டாக்கும் கலம் தணற்கலம். உமிக்கு ஏது தணல் என்று கேட்பவர்கள் உமித்தணலில் மரவள்ளிக்கிழங்கு சுட்டுத் தின்றதில்லைப் போலும். விறகு, கிளிசரியாக் கொப்பு, தேங்காய்ச் சிரட்டை எதைப் போட்டாலும் இந்தப் பெயர் பொருந்தும்.

புணர்ச்சிப்படி தணற்கலம்தான். மில்லில் நிற்கிற பொடியன்கள் ‘தணல்கலம்’ என்பார்கள். அதற்கு நான் வழக்காட மாட்டேன்.