ஏ-பிரேம் மேல் தென்னை நார் விரிப்பா, ரப்பர் துகளா?

பொள்ளாச்சித் தோப்புக்காரர்:
நாய்களைத் தடைகளின் மேல் ஏறி, தாண்டி ஓடப் பழக்கும் அஜிலிட்டிப் பயிற்சிக்காக ஏ-பிரேம் (இருபுறமும் சரிந்த கூரைபோன்ற ஏறுபலகை), நடைபலகை (உயரத்தில் நடக்கும் ஒடுங்கிய பலகை), சீசா (ஏற்றப்பலகை) மூன்றையும் ஒட்டுப்பலகையில் நானே செய்திருக்கிறேன். பெயின்ட் அடித்த பலகையில் கால் வழுக்குகிறது. எங்கள் ஊர் மஞ்சி மில்களில் (தென்னை நார் ஆலைகளில்) நார் விரிப்பு மலிவாகவே கிடைப்பதால், அதை ஒட்டிவிடலாம் என்று நினைக்கிறேன். ரப்பர் துகளுக்குச் செலவழிப்பது வீண் என்பது என் கருத்து.

சூலூர் பயிற்சியாளர்:
ஐயா, இதை நான் மறுக்கிறேன். நார் விரிப்பு காய்ந்திருக்கும்போது நன்றாகப் பிடிக்கும் என்பது உண்மைதான். ஆனால் மழையில் நனைந்தால் அது நீரை விடாமல் வைத்திருந்து அடிப்பலகையை ஊறச் செய்யும். பிறகு ஓரம் பெயரும். பெயர்ந்த ஓரத்தில் நகம் மாட்டும். எங்கள் சிப்பிப்பாறைப் பெண்நாய்க்கு முன்னங்காலின் உள்பக்கச் சிறுநகம் கிழிந்தது இப்படித்தான், அந்த விரிப்பை ஒட்டியவனும் நானே. பன்னாட்டு நாய்வளர்ப்புக் கூட்டமைப்பான எஃப்.சி.ஐ.யின் விதிப்படி ஏ-பிரேமின் உச்சி தரையிலிருந்து 170 செ.மீ. உயரத்தில் இருக்கும். அங்கிருந்து வேகமாக இறங்கும் நாயின் எடை முழுவதும் முன்னங்கால்களில் விழும் நேரத்தில், பிடி ஒரு கணம் தவறினாலும் தோள் மூட்டுக்குக் கேடு.

அவிநாசி வாசகர்:
பெயின்டில் மணலைத் தூவினால் போதாதா? பல காலமாகச் செய்து வருவதுதானே.

சூலூர் பயிற்சியாளர்:
போதாது. மணல் உப்புத்தாள்போல் உள்ளங்கால் மெத்தையைத் தேய்த்துவிடும். நாள்தோறும் பத்து முறை ஏறி இறங்கும் நாய்க்கு அது புண்ணாகவே முடியும். சிறு ரப்பர் துகளைப் பாலியூரித்தேன் பசையில் குழைத்துப் பூசினால், நனைந்தாலும் பிடிக்கும், காலையும் அறுக்காது.

பொள்ளாச்சித் தோப்புக்காரர்:
கறுப்பு ரப்பர் சித்திரை வெயிலில் கொதிக்குமே, அதற்கு என்ன சொல்கிறீர்கள்? நாங்கள் மாட்டுக்கொட்டகையில் போட்ட ரப்பர் விரிப்பையே வெயிலில் கிடந்தால் வெறுங்காலால் மிதிக்க முடிவதில்லை.

சூலூர் பயிற்சியாளர்:
அது நியாயமான கேள்வி. வெளிர்நிறத் துகளை வாங்குங்கள்; நிழலில் வையுங்கள்; பயிற்சியை விடியற்காலையில் முடித்துவிடுங்கள். புறங்கையை ஐந்து விநாடி வைத்துப் பார்த்து, பொறுக்க முடியாவிட்டால் நாயை ஏற்றாதீர்கள். ஏ-பிரேமின் அடியில் 106 செ.மீ. வரை உள்ள தொடுபகுதிக்கு (நாயின் கால் பட்டே ஆக வேண்டிய பகுதிக்கு) வேறு நிறம் கொடுக்க மறக்க வேண்டாம். உங்கள் ஊர் நார்க்கழிவுக்கும் இங்கே வேலை உண்டு: தாண்டும் தடைகளுக்கு அப்பால் நாய் தரையிறங்கும் இடத்தில் அதை ஈரமாக்கிப் பரப்பி, நன்றாக அழுத்திவிடலாம். உலரவிட்டால் தூசி பறக்கும், தளர்ந்தால் கால் சறுக்கும்.

பொள்ளாச்சித் தோப்புக்காரர்:
ஏ-பிரேமுக்கு ரப்பர் என்பதை ஏற்கிறேன். சீசா உயரம் குறைந்ததுதானே, அதற்கு மட்டும் நார் விரிப்பு இருக்கட்டும்.

சூலூர் பயிற்சியாளர்:
வேண்டாம் ஐயா. சீசா நாயின் காலடியிலேயே அசைந்து கீழே போகும் பலகை. அது தரையைத் தட்டும் கணத்தில்தான் நாய் பிடியை முழுமையாக நம்பி நிற்கிறது. கையில் இருக்கும் பணம் ஒரு பலகைக்குத்தான் போதும் என்றால், முதலில் சீசாவுக்கே ரப்பர் பூசுங்கள். ஏ-பிரேமை அதுவரை மடக்கி வைத்துவிடுங்கள்.