'டெவலப்டு எபிலிட்டி'க்கு வளர்திறன் என்று வைக்கலாம்

வணக்கம் நண்பர்களே,

உளவியல் தேர்வுகளுக்கான நம் தமிழ்ச் சொற்பட்டியலில் 'டெவலப்டு எபிலிட்டி' (developed ability) என்ற ஆங்கிலத் தொடருக்கு எதிரே இன்னும் ஒன்றும் எழுதவில்லை. ஈட்டிய திறன், பெறுதிறன், விளைதிறன், வளர்திறன் என்று இந்த இழையில் நான்கு சொற்கள் வந்திருக்கின்றன. என் ஓட்டு வளர்திறனுக்குத்தான். ஆனால் அந்தத் தொடரை வற்புறுத்தி எழுதிய பேராசிரியர் யார், அவருக்கு எதற்காக அது தேவைப்பட்டது என்று பார்த்துவிட்டுச் சொல்லைத் தேர்ந்தெடுப்பதுதான் முறை. அதனால் இந்த மடல் கொஞ்சம் நீளம்.

அந்தப் பேராசிரியர் அமெரிக்க உளவியலாளர் ஆன் அனஸ்டாசி. 1908-ல் நியூயார்க்கில் பிறந்தவர். ஒரு வயதிலேயே தகப்பனாரை இழந்தார். அம்மா வேலைக்குப் போக, பாட்டி வீட்டிலேயே வைத்துப் பாடம் சொல்லிக்கொடுத்தார். பள்ளிக்கூடம் அவருக்கு அவ்வளவாக ஒத்துவரவில்லை, 15 வயதில் நேராக பர்னார்டு கல்லூரிக்குப் போய்விட்டார். கணிதம் படிக்கத்தான் போனார். அங்கே உளவியலாளர் சார்லஸ் ஸ்பியர்மன் ஒட்டுறவுக் கெழுவைப் பற்றி (இரண்டு அளவுகள் எவ்வளவு சேர்ந்து மாறுகின்றன என்று காட்டும் எண்) எழுதிய ஒரு கட்டுரையைப் படித்ததும், கணக்கை விடாமலே உளவியலும் செய்யலாம் என்று தெரிந்து துறை மாறினார். 21 வயதில் கொலம்பியாவில் முனைவர் பட்டம் வாங்கிவிட்டார். 1933-ல் திருமணம், அடுத்த ஆண்டே கருப்பைவாய்ப் புற்றுநோய். ரேடியம் சிகிச்சையில் உயிர் பிழைத்தார், ஆனால் குழந்தை பெற முடியாமல் போனது. தாயாக இருப்பதா, வேலையில் முன்னேறுவதா என்று பெண்கள் ஏதாவது ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடிந்த அந்தக் காலத்தில், தனக்கு அந்தத் தேர்வு இல்லாமல் போனதும் தன் பணிக்கு ஒரு காரணம் என்று பின்னாளில் அவரே வெளிப்படையாகச் சொன்னார்.

பர்னார்டு, குயின்ஸ் கல்லூரி, அப்புறம் 1947 முதல் 1979-ல் ஓய்வு பெறும்வரை ஃபோர்டம் பல்கலைக்கழகம். 1972-ல் அமெரிக்க உளவியல் சங்கத்தின் தலைவரானார். 1921-க்குப் பிறகு அந்த இடத்துக்கு ஒரு பெண் வர 51 ஆண்டுகள் ஆகியிருக்கின்றன. 1954-ல் வந்த அவருடைய 'சைக்கலாஜிக்கல் டெஸ்டிங்' 1997-க்குள் ஏழு பதிப்புகள் கண்டது. உளவியல் தேர்வுகளைப் பற்றிப் பல தலைமுறை மாணவர்கள் படித்த பாடநூல் அது.

இனி நம் சொல்லுக்கு வருகிறேன். தேர்வுகளை இரண்டு வகையாகப் பிரிப்பது வழக்கம். ஒன்று ஆப்டிட்யூட், நம் பாடநூல்களில் நாட்டம் அல்லது உளச்சார்பு. இன்னொன்று அச்சீவ்மென்ட், நம் அடைவு. முதலாவது பிறவியிலேயே உள்ள சரக்கை அளக்கிறது, இரண்டாவது படித்ததை அளக்கிறது என்பது பொதுவான எண்ணம். அனஸ்டாசி இதை ஒப்புக்கொள்ளவே இல்லை. எந்தத் தேர்வாக இருந்தாலும், ஒரு ஆள் அதுவரை வாழ்ந்த வாழ்க்கையில் அவரிடம் உருவாகியிருக்கும் திறனைத்தான், அதாவது 'டெவலப்டு எபிலிட்டி'யைத்தான், அளக்க முடியும், அது ஏன் அந்த அளவில் இருக்கிறது என்று மதிப்பெண் சொல்லாது என்றார். வேறுபாடு வகையில் இல்லை, பின்னால் இருக்கும் அனுபவம் எவ்வளவு குறிப்பானது என்பதில்தான் இருக்கிறது. ஒரு குறிப்பிட்ட பாடத்துக்கான தேர்வு ஒரு முனை, சொல்லே இல்லாமல் வெறும் உருவங்களை வைத்துக் கேட்பது மறு முனை, மற்றதெல்லாம் இடையில். அமெரிக்காவில் கல்லூரியில் சேர எழுதும் எஸ்.ஏ.டி. தேர்வின் பெயரிலிருந்தே 'ஆப்டிட்யூட்' என்ற சொல்லை 1990-களில் எடுத்துவிட்டார்கள்.

நம் ஊரில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் கல்வி உதவித்தொகைக்காக எழுதும் என்.எம்.எம்.எஸ். தேர்வையே பாருங்கள். மனத்திறனுக்கு ஒரு தாள், பாடங்களுக்கு ஒரு தாள். "கலப்பை என்றால் உழவு, தறி என்றால் என்ன?" என்கிற மாதிரி ஒரு கேள்வி மனத்திறன் தாளில்தான் வரும். தறிச் சத்தத்தில் வளர்ந்த பிள்ளைக்கு அது யோசிக்கவே தேவையில்லாத கேள்வி, தறியையே பார்க்காத பிள்ளைக்கு அப்படி இல்லை. எண் தொடர், ஒப்புமை என்று ஆசிரியர்கள் மாதக்கணக்கில் பயிற்சி கொடுத்தால் மதிப்பெண் ஏறவும் செய்கிறது. அந்தத் தாளில் குறைவாக வாங்கிய குழந்தையைப் பார்த்து "இதுக்கு மூளை அவ்வளவுதான்" என்று சொல்வது எவ்வளவு பெரிய அநியாயம்! நாட்டம், உளச்சார்பு என்ற சொற்களே அந்தத் தீர்ப்புக்குத் துணைபோகின்றன என்பதுதான் என் கவலை.

சரி, நான்கு சொற்களையும் பார்ப்போம். விளைதிறன் வேண்டாம், இலங்கை நண்பர்கள் அதை 'எஃபெக்டிவ்னஸ்' என்ற வேறு பொருளில் ஏற்கெனவே புழங்குகிறார்கள், நிர்வாகவியலில் நன்றாக ஊன்றிவிட்ட சொல். பெறுதிறன் என்றால் வாங்கிக்கொள்ளும் சக்தி என்றுதான் முதலில் படும். ஈட்டிய திறன் கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் ஈட்டுவது அவரவர் உழைப்பு. அனஸ்டாசி 1958-ல் மரபும் சூழலும் எப்படிச் சேர்ந்து வேலை செய்கின்றன என்று எழுதிய கட்டுரையில் பரம்பரையாகக் காது கேளாத குழந்தையை எடுத்துக்காட்டாகச் சொல்கிறார். மரபு அங்கே அறிவை நேரடியாகத் தொடுவதில்லை. பேச்சும் பழக்கமும் பள்ளியும் கிடைக்காமல் போவதால்தான் குழந்தை பின்தங்குகிறது, தகுந்த பயிற்சி கிடைத்தால் அந்தக் குறையை ஈடுகட்டலாம். கிடைத்ததும் கிடைக்காததும் சேர்ந்து உருவாக்கிய ஒன்றை 'ஈட்டியது' என்றால், கிடைக்காத குழந்தை உழைக்கவில்லை என்று ஆகிவிடும்.

வளர்திறன் என்றால் 'வளரக்கூடிய சக்தி' என்று தவறாகப் படிப்பார்களே என்று ஒருவர் கேட்டிருந்தார், நியாயமான கேள்வி. ஆனால் வளர்பிறை என்றால் யாரும் அப்படிப் படிப்பதில்லை. வினைத்தொகை என்பதால் வளர்ந்த, வளர்கின்ற, வளரும் என்று மூன்று காலமும் அதற்குள் இருக்கின்றன. தேர்வு நடந்த நாளில் திறன் இதுவரை வளர்ந்திருக்கிறது, அதோடு நிற்கப்போவதும் இல்லை. ஆங்கிலத் தொடரில்கூட இறந்தகாலம் மட்டும்தான் இருக்கிறது, ஆக நமக்கு அதைவிடப் பொருத்தமான சொல்லே கிடைத்திருக்கிறது.

ஆகவே வளர்திறன், வளர்திறன் தேர்வு என்று பதிவு செய்யலாம் என்பது என் முன்மொழிவு. பழைய நூல்களைப் படிப்பவர்களுக்காக நாட்டம், அடைவு இரண்டும் பட்டியலில் இருக்கட்டும், ஆனால் 'பிறவித் திறன்' என்று நாட்டத்துக்குக் கீழே யாரோ சேர்த்திருக்கும் விளக்கத்தை நீக்கிவிட வேண்டும். யாழ்ப்பாணம், மட்டக்களப்புப் பக்கம் ஆசிரியர் கல்லூரிகளில் பாடம் நடத்தும் நண்பர்கள், அங்கே ஆப்டிட்யூட்டுக்கு வகுப்பில் என்ன சொல்கிறீர்கள் என்று எழுதுங்கள், அதைப் பார்த்த பிறகு பதிவை முடிக்கலாம்.