குளத்து விராலுக்கு எப்படித் தூண்டில் போடுறது?

அண்ணன்மாரே, தேவிபட்டினம் பக்கம் எங்க ஊரு. கடல் தூண்டில் பழக்கம்தான், நல்ல தண்ணி மீன்தான் வசப்படல. மழைக்கு ஊர்க் குளம் நிறைஞ்சு கிடக்கு (ஏலம் விடாத குளம், சண்டைக்கு யாரும் வரமாட்டாங்க). மண்புழு போட்டா ஜிலேபிக் கெண்டைதான் கொத்துது. விரால் இருக்கு, மூச்சு வாங்க மேல வந்து தண்ணியை அடிச்சுட்டுப் போறது தெரியுது. ஆனா அது நிக்கிற இடம் பூராம் அல்லிக்கொடி, தங்கூசி (தூண்டில் நரம்பு) சிக்கிக்குது.

உயிர்த் தவளை கோர்க்கணுமா, ரப்பர் தவளையே போதுமா? முள் எந்த நம்பர்? தக்கை வேணுமா?

செவப்பா குஞ்சுக் கூட்டம் மிதக்குற இடத்துல போட்டா காவல் நிக்கிற பெரிய விரால் உடனே பாயுமாம். அந்த யோசனை மட்டும் வேணாம், அதைப் பிடிச்சுட்டா குஞ்சுகளை மத்த மீன் தின்னுரும். வேற வழி சொல்லுங்க.