எண்ணெய்க் கசிவுத் திட்டம்: கரையில் உண்மையில் தேவைப்படுபவை (அனுபவப் பகிர்வு)

நெய்தல்கரை:
மாவட்ட அளவில் எண்ணெய்க் கசிவுத் திட்டம் எழுதும் வேலையில் இருப்பவர்களுக்காக இந்த இழை. தேசியத் திட்டம் 1996 முதல் நடப்பில் இருக்கிறது. கடலில் கடலோரக் காவல்படை, துறைமுக எல்லைக்குள் துறைமுகம், கரையேறிவிட்டால் மாநில அரசு என்று பொறுப்பு பிரிகிறது. மூன்றாவதில்தான் எப்போதும் இழுபறி. 2017 ஜனவரி 28 அதிகாலை காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதிய பிறகு எண்ணூர்ப் பாறைகளில் வாளியால் அள்ளியதை எல்லோரும் பார்த்தோம். பாறை இடுக்கில் கெட்டிப்பட்ட எண்ணெய்க்கு வாளி சரியான கருவிதான். அள்ளியதை எங்கே கொண்டுபோய் வைப்பது என்பதை அன்றைக்கு உட்கார்ந்து யோசிக்கக் கூடாது. களத்தில் வேலை பார்த்தவர்கள் அளவு, கணக்கோடு எழுதுங்கள்.

மிதவைக்கயிறு:
முகத்துவாரத்தில் பூம் (எண்ணெயைத் தடுக்கும் மிதவைத் தடுப்பு) கட்டுவதில் நடக்கும் முதல் தவறு, கரைக்குக் கரை நேராக இழுத்துக் கட்டுவது. நீரோட்டம் பூமை நேர்க்குத்தாக 0.7 நாட் (ஒரு நாட் என்பது மணிக்குச் சுமார் 1.85 கிமீ) வேகத்துக்கு மேல் முட்டினால் எண்ணெய் அடிவழியே நழுவிப் போய்விடும். பூம் எவ்வளவு விலை உயர்ந்ததாக இருந்தாலும் இதுதான் கதி.

வேகம் பார்க்கக் கருவி வேண்டாம். பத்து மீட்டர் இடைவெளியில் இரண்டு கழி நட்டு, ஒரு தேங்காயை மிதக்க விடுங்கள். 28 விநாடி எடுத்தால் 0.7 நாட். 19 விநாடி என்றால் 1 நாட். பூமை நீரோட்டத்துக்கு 45 பாகை சாய்க்க வேண்டும். 13 விநாடி என்றால் 1.5 நாட், 28 பாகை. பத்து விநாடிக்குள் கடந்துவிட்டால் 20 பாகை. சாய்க்கச் சாய்க்க நீளம் கூடும்: 100 மீட்டர் அகல வாய்க்கு 28 பாகையில் 213 மீட்டர் பூம் வேண்டும், தொய்வுக்கும் கரையில் கட்டவும் சேர்த்து 250 என்று வையுங்கள். திட்டத்தில் 'பூம் 100 மீட்டர்' என்று எழுதி வாங்கி வைத்தால் அன்றைக்குப் பாதி வாய் திறந்தே கிடக்கும்.

சாய்வின் கீழ்முனை, தண்ணீர் அசையாத, உறிஞ்சு லாரி வந்து நிற்கக்கூடிய கரையில் முடிய வேண்டும். ஏற்றம், வற்றம் இரண்டுக்கும் ஓட்டம் திசை மாறும். உள்பக்கம் இன்னொரு பூம் இல்லாவிட்டால் பிடித்ததெல்லாம் ஆறு மணி நேரத்தில் கழிமுகத்துக்குள் போய்விடும்.

கட்டுமரம்:
அண்ணே சொன்னது சரி. ஒன்று சேர்த்துக்கொள்ளுங்க. கடலில் எண்ணெய் நீரோட்டத்தோடு முழு வேகத்தில் போகும், காற்றின் வேகத்தில் சுமார் 3 சதவீதத்துக்கும் இழுபடும். 20 நாட் காற்று என்றால் 0.6 நாட். ஹைதராபாத்திலுள்ள இன்காய்ஸ் என்ற கடல்சார் தகவல் மையம் கசிவு போகும் பாதையைக் கணித்துத் தருகிறது. கரையோரம் கடைசி சில நூறு மீட்டருக்கு அந்தந்தக் குப்பத்து ஆட்களைக் கேட்பதே நல்லது. வெள்ளம் (நீரோட்டம்) வடக்கே ஏறுதா தெற்கே இறங்குதா என்று காலையில் வலை போட்டவருக்குத் தெரியும். ஊர்ப் பஞ்சாயத்தில் யாரைக் கூப்பிடுவது என்ற தொடர்பு எண் திட்டத்தில் இருக்கணும்.

கண்டல்காடு:
அலையாத்திப் பகுதிக்குத் தனி அத்தியாயம் வேண்டும். வெண்கண்டல் என்ற அலையாத்தி மரத்தின் மூச்சுவேர்களில் உள்ள நுண்துளைகளை எண்ணெய் அடைத்தால் சேற்றுக்குள் இருக்கும் வேர்களுக்குக் காற்று கிடைக்காது. மரம் உடனே சாகாது. வாரக்கணக்கில் மெல்ல இலை உதிர்க்கும். அதனால் முதல் வாரத்தில் பார்த்துவிட்டு 'பாதிப்பில்லை' என்று அறிக்கை எழுதக் கூடாது.

பெரிய கேடு சுத்தம் செய்யப் போகிறவர்களின் கால்தான். மிதித்தால் எண்ணெய் சேற்றுக்குள் இறங்கும், நண்டு வளைகள் வழியே இன்னும் ஆழம் போகும், பிறகு எடுக்கவே முடியாது. படகிலிருந்தோ பலகை விரித்தோ மட்டும் வேலை செய்யுங்கள். வற்று நேரத்தில், நிலப்பக்கமிருந்து நீர்ப்பக்கமாக, அங்குள்ள தண்ணீரையே குறைந்த அழுத்தத்தில் விட்டுக் கழுவுங்கள். சுடுநீர், பீய்ச்சும் எந்திரம் இரண்டும் கூடாது. வெளி விளிம்பில் உறிஞ்சும் பூம் கட்டி, அது ஊறியவுடன் மாற்றுங்கள். மாற்றாவிட்டால் பிடித்த எண்ணெயைத் திரும்பக் கசியவிடும். கிளையை வெட்டாதீர்கள். சேற்றில் எண்ணெய் அளவைச் சோதிக்காமல் புதுக் கன்று நடுவதும் வீண்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் வந்ததே, அந்த மாதிரி நேரத்தில் எந்தச் சாய்விலும் பூம் நிற்காது, ஆகாயத்தாமரையும் குப்பையும் அறுத்துவிடும். ஆலை வளாகத்தின் மழைநீர் வடிகால் வாயிலிலேயே மடை போட்டு, எண்ணெய் பிரிக்கும் தொட்டியை மழைக்காலத்துக்கு முன் காலி செய்து வைப்பதுதான் வழி. இதை யாரிடமும் கெஞ்சும் நிலை இருக்கக் கூடாது, ஆலைக்கான அனுமதியின் நிபந்தனையாகவே எழுத வேண்டும்.

நெய்தல்கரை:
கழிவுக் கணக்கு யாராவது?

சாக்குமூட்டை:
கனமான கப்பல் எரிபொருள் அலையில் அடிபட்டால் தண்ணீரைக் குடித்துக் களியாகிவிடும். முக்கால் பங்கு தண்ணீர் சேர்ந்தால் ஒரு டன் நான்கு டன். மெல்லிய எண்ணெய்க்கான ஸ்கிம்மரும் (நீர்மேல் மிதக்கும் எண்ணெயை வழித்தெடுக்கும் கருவி) பம்பும் இதை இழுக்காது. தூரிகை வகை ஸ்கிம்மரும் களி தள்ளும் பம்பும் வேண்டும்.

மணலில் ஜேசிபி இறக்காதீர்கள், எண்ணெய் புதைந்துபோகும். மண்வெட்டியால் மேலாக வழித்து, மூட்டைக்கு 10 முதல் 15 கிலோ. திரவம், எண்ணெய் மணல், எண்ணெய் பட்ட வலை மற்றும் குப்பை மூன்றும் தனித்தனி. கலந்துவிட்டால் எதையும் மீட்க முடியாது. வெயிலில் கிடந்த பாலித்தீன் பை சில நாளில் பிய்ந்து மறுபடி ஒழுகும். அடியில் கெட்டி விரிப்பு போட்ட, அலை ஏறாத இடம் முன்கூட்டியே சர்வே எண்ணோடு ஒதுக்கப்பட்டிருக்க வேண்டும்.

ஆய்வகமேசை:
மாதிரி எடுக்க மறந்தால் இழப்பீட்டு வழக்கு அங்கேயே தளர்ந்துவிடும். கண்ணாடிப் புட்டி மட்டும், பிளாஸ்டிக் வேண்டாம். விளிம்புவரை நிரப்பாமல், இருட்டில் 4 பாகை குளிரில் வையுங்கள். நாள், நேரம், இடம், எடுத்தவர், சாட்சி எல்லாம் புட்டியிலேயே எழுதுங்கள். சந்தேகப்படும் கப்பலின் தொட்டியிலிருந்தும், எண்ணெய் படாத பக்கத்துக் கரையிலிருந்தும் ஒப்பீட்டு மாதிரி அவசியம்.

மீனவர்கள் கெட்டுப்போன வலையைத் தூக்கிப்போடும் முன் படமெடுத்து, ஒரு துண்டு வெட்டி வைக்கட்டும். இழப்பீட்டை, டேங்கர் எண்ணெய்க்கு 1992 பன்னாட்டு உடன்படிக்கையின்படியும், பிற கப்பல்களின் எரிபொருளுக்கு 2001 பன்னாட்டு உடன்படிக்கையின்படியும் பாதிப்பு ஏற்பட்ட நாளிலிருந்து 3 ஆண்டுக்குள் கேட்க வேண்டும். கரையிலுள்ள ஆலைக் கசிவுக்கு இவை பொருந்தாது. பசுமைத் தீர்ப்பாயத்தில் 5 ஆண்டு அவகாசம் உண்டு.

கட்டுமரம்:
மருந்து தெளித்து எண்ணெயைக் கரைப்பது பற்றி?

மிதவைக்கயிறு:
கடலோரக் காவல்படை அனுமதி இல்லாமல் தொடவே வேண்டாம் தம்பி. ஆழம் குறைந்த இடத்திலும் கழிமுகத்திலும் அது எண்ணெயைத் தண்ணீருக்குள் கலந்து இறால் குஞ்சு, மட்டிக்கே கொண்டுபோகும். களியான எண்ணெயில் வேலையும் செய்யாது.